ரிப்பன் வெட்டிய பிறகு போல்ட்டை யார் முடுக்குவது?

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நிதியாண்டு முடியப்போகும் நேரத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சிஎஸ்ஆர் பணம் கொஞ்சம் இருக்கு. மாற்றுத்திறனாளிக் குழந்தைங்க மையத்துக்கு ஏதாவது பண்ணலாம்னு இருக்கோம். என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" கேட்கிறவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். என் அக்கா மகனுக்கு மூளை முடக்குவாதம் என்பது பிளான்ட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் கேள்வி சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து நிற்கும். கேன்டீனில் டீ குடித்தபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. ஒருமுறை முழுசாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஏற்கெனவே வாங்கிக் கொடுத்தது ஓடுகிறதா, அந்தக் குழந்தைக்குப் பொருந்துகிறதா, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் சம்பளத்தோடு அங்கே இருக்கிறாரா என்று போய்ப் பாருங்கள். உங்கள் பணத்துக்கும், பணத்தைவிட முக்கியமாக உங்கள் கைத்திறனுக்கும் அங்கேதான் வேலை இருக்கிறது.

இந்தப் பக்கம் வராதவர்களுக்காக ஊரைப் பற்றிச் சொல்கிறேன். தேர்வாய் கண்டிகை கும்மிடிப்பூண்டி வட்டத்தில் ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பூங்கா. மிஷ்லின் டயர் ஆலை இங்கேதான். இன்னொரு பக்கம் சென்னைக்குக் குடிநீர் தருகிற கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். 380 கோடி ரூபாயில் கட்டி 2020 நவம்பரில் திறந்தார்கள், கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. சிப்காட் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் ஊர் ஜனங்கள் ஆடு மாடு மேய்த்த மேய்க்கால் நிலம். அதை விட மாட்டோம் என்று வருஷக்கணக்கில் போராடினார்கள். மிஷ்லின் பிரெஞ்சுக் கம்பெனி என்பதால் 2012-ல் பிரான்ஸ் அரசின் ஓஇசிடி தொடர்பு மையம் வரைக்கும் புகார் போனது. ஆலைக்கு நிலம், பட்டணத்துக்குத் தண்ணீர் என்று இரண்டையும் கொடுத்த ஊர் இது. அந்த ஊர்க் குழந்தைக்கு ஆலைகள் செய்வதைத் தர்மம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சட்டமும் இந்த விஷயத்தில் ஊர் பக்கம்தான் நிற்கிறது. 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுவரவோ உள்ள கம்பெனி கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது; சிஎஸ்ஆர் பணம் என்பது இதுதான். செலவிடும்போது கம்பெனி இயங்குகிற வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அதோடு சேர்ந்த 7-ஆவது அட்டவணையில் சிறப்புக் கல்வி என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஆகவே "இதுக்கெல்லாம் ரூல் இடம் கொடுக்காதுங்க" என்று யாரும் கையை விரிக்க முடியாது.

ஏன் இங்கேயே ஒரு நல்ல மையம் வேண்டும் என்கிறேன்? மேப்பைப் பாருங்கள். சிறப்புக் குழந்தைகளுக்குப் பேர் பெற்ற இடங்கள் என்று யாரைக் கேட்டாலும் கோட்டூர்புரத்தில் 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர், தரமணியில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட், கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை என்று சொல்வார்கள். எல்லாமே சென்னையின் தெற்கிலும் தென்மேற்கிலும் இருக்கின்றன. நாங்கள் வடக்குக் கோடியில் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் பட்டணத்தைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். சரி, மாவட்டத் தலைநகருக்குப் போகலாம் என்றால் அது திருவள்ளூர். எங்கள் ரயில் பாதை பொன்னேரி, மீஞ்சூர் வழியாகச் சென்னைக்குப் போகிறது. திருவள்ளூர் அரக்கோணம் பாதையில் இருக்கிறது. ரயிலில் போவதென்றால் பட்டணத்துக்குள் போய் வண்டி மாறி மறுபடி மேற்கே வர வேண்டும். பஸ் என்றால் ஊத்துக்கோட்டையில் இறங்கி மாற வேண்டும்.

நகரப் பேருந்துகளின் சாதாரணக் கட்டண வண்டிகளில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் பத்து வயசுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தோளில் பையும் மறுகையில் மடக்கிய சக்கர நாற்காலியுமாக அந்தப் படிகளில் ஏறிப் பார்த்தால்தான் டிக்கெட்டுக்கு அப்புறமும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று தெரியும். கால் இறுகிப்போகும் குழந்தைக்குத் தெரபி என்பது மாசத்துக்கு ஒருதரம் காட்டிவிட்டு வருகிற வைத்தியம் கிடையாது. வாரத்தில் பல நாள், வருஷக்கணக்கில் செய்ய வேண்டியது. ஒவ்வொரு தடவையும் அம்மாவின் ஒருநாள் கூலி போனால் எந்த வீடு தாங்கும்? சேர்த்த குழந்தை பாதியில் நிற்பதற்குப் பெரிய காரணமெல்லாம் தேட வேண்டாம், பெரும்பாலும் இந்த அலைச்சல்தான்.

அதனால்தான் பக்கத்தில் இருக்கும் சின்ன மையங்களை நான் பெரிதாக நினைக்கிறேன். ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. அதில் சிறப்புக் குழந்தைகளுக்குப் பகல்நேர மையமும் சிறப்பாசிரியர்களும் உண்டு, பிசியோதெரபிஸ்ட் முறை வைத்து வருவார். படுத்த படுக்கையான குழந்தைக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பதும் உண்டு. இது தவிரத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்களும் இருக்கின்றன. கட்டடம் எப்படி இருந்தாலும் குழந்தை நாளைக்கும் போக முடிகிற இடம் அதுதான். மேம்படுத்த வேண்டியதும் அதைத்தான்.

இப்போது அந்த மாதிரி ஒரு மையத்துக்குள் போவோம். பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே காட்சிதான். வாசலில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை. சுவரில் மிக்கி மவுஸ், மயில், ஆங்கில எழுத்துகள், பளிச்சென்ற பெயின்ட். மூலையில் நடைபழகும் இரட்டைக் கம்பி, பெரிய பந்து, நிற்க வைக்கும் மரச்சட்டம், நிலைக்கண்ணாடி. இன்னொரு மூலையில் மடக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய சக்கர நாற்காலிகள். நான் எங்கே போனாலும் முதலில் பார்ப்பது இந்த மூலையைத்தான். முன்சக்கர பேரிங் இறுகியிருக்கும், பின்சக்கர டியூபில் காற்று இருக்காது, பிரேக் கம்பி வளைந்திருக்கும், கால்வைக்கும் பலகை ஒரு பக்கம் காணாமல் போயிருக்கும். எல்லாமே இருநூறு, முந்நூறு ரூபாய்ச் சமாச்சாரம். எங்கள் பிளான்ட்டில் ஒரு கன்வேயர் இப்படி நின்றால் அரைமணி நேரத்தில் ஆள் வந்திருப்பான். இங்கே வருஷக்கணக்கில் நிற்கிறது, ஏனென்றால் பழுது பார்ப்பது யார் வேலை என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய மறுவாழ்வு மையங்கள் பலவும் போலியோ காலத்து யோசனையில் அமைந்தவை. கேலிபர், ஊன்றுகோல், இரட்டைக் கம்பி. நடக்க வைத்தால் போதும், புத்திக்கும் பேச்சுக்கும் குறையில்லாத குழந்தைகள். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட குழந்தை; 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். இன்றைக்கு மையத்துக்கு வருகிறவர்கள் மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ள பிள்ளைகள். 1995 சட்டத்தில் 7 வகை ஊனம்தான் இருந்தது. 2016 சட்டத்தில் 21. இந்தக் குழந்தைகளுக்கு உட்காரும் ஆசனம், சாப்பிடப் பழக்குவது, பேச்சுக்கு மாற்று வழி, சத்தமும் வெளிச்சமும் தொந்தரவு செய்யாத ஓர் அறை எல்லாம் வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் கடகடவென்று ஓடும் மின்விசிறியும் மினுக்கும் டியூப்லைட்டும் இருக்கும் ஹாலில் ஆட்டிசம் உள்ள குழந்தை காதைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடினால் "அடங்க மாட்டேங்குறான்" என்கிறோம். விசிறியின் புஷ்ஷை மாற்றி, நல்ல எல்இடி போட்டு, கூரைக்கு அடியில் ஒரு பால்ஸ் சீலிங் கொடுத்தால் அந்த அறையே வேறு அறையாகிவிடும். நன்கொடைப் பட்டியலில் ஒருநாளும் வராத வேலை இது.

அக்கா மகன் கதைக்கு வருகிறேன். ஏழு வயசில் ஒரு முகாமில் அவனுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். பெரியவர்கள் உட்காருகிற அளவு. மேடையில் போட்டோ எடுத்தாகிவிட்டது, வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரச்சினை. இருக்கையில் இரண்டு பக்கமும் ஒரு ஜாண் இடம் மிச்சம். உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் இடுப்பு வழுக்கிக்கொண்டு முன்னால் வரும், முதுகு வலப்பக்கமாகச் சாயும், கால் இரண்டும் கீழே எட்டாமல் அந்தரத்தில் தொங்கும். அக்கா பழைய புடவையைச் சுருட்டி இரண்டு பக்கமும் திணித்தாள். வழுக்காமல் இருக்கத் துப்பட்டாவை வயிற்றோடு கட்டினாள். மையத்துத் தெரபிஸ்ட் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, இது இவனை உட்கார வைக்கலை, சாய்ச்சு வச்சிருக்கு. இப்படியே விட்டா முதுகெலும்பு வளைஞ்சிடும்."

அவரே உட்கார்ந்து அளவெடுத்துக் கொடுத்தார். எங்கள் பிட்டர் ஒருவரும் நானும் ஊரில் இருக்கும் தச்சரும் சேர்ந்து, அதே நாற்காலிக்குள் உட்காரும்படி ஓர் ஆசனம் செய்தோம். பிளைவுட் அடிப்பாகம், கெட்டியான போம், இடுப்பை இரண்டு பக்கமும் பிடிக்கும் பலகை, தொடைகள் ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு சின்ன முட்டு, கால் பலகைக்கு வரிசையாகத் துளை போட்ட கம்பி. அவன் வளர வளரப் போல்ட்டைக் கழற்றி அடுத்த துளைக்கு இறக்கிக்கொள்ளலாம். முன்னால் சாப்பாட்டுத் தட்டு வைக்க ஒரு பலகை. செலவு சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பலன் என்ன தெரியுமா? அதுவரை மடியில் மல்லாக்கச் சாய்த்து ஊட்டுவாள் அக்கா. ஒவ்வொரு வாய்க்கும் புரையேறும், இருமுவான், ஒருவேளைச் சோறு ஊட்டி முடிக்க ஒருமணி நேரம் ஆகும். நிமிர்ந்து, தாடை லேசாக முன்னால் இறங்கி, பாதம் ஊன்றி உட்கார்ந்ததும் விழுங்குவது சுலபமாகிவிட்டது. அடிக்கடி வந்த நெஞ்சுச் சளியும் குறைந்தது. கை இரண்டும் பலகைமேல் வந்ததால் டம்ளரைத் தொடப் பார்க்கிறான். "தம்பி, இவன் என் மூஞ்சியப் பார்த்துச் சாப்பிடுறான்டா," என்றாள் அக்கா.

இதை எங்கள் பெருமைக்காகச் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் சக்கர நாற்காலி வழங்குவது பற்றி 2008-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் 8 படிகள் இருக்கின்றன. ஆளைக் கண்டறிவது, உடம்பைச் சோதித்து அளப்பது, எது பொருந்தும் என்று முடிவெடுப்பது, பணம் ஏற்பாடு, நாற்காலியைத் தயார் செய்வது, உட்கார வைத்துப் பொருத்துவது, பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது, கடைசியாகத் தொடர்ந்து பார்த்துப் பழுது நீக்குவது. நம் முகாம்களில் பெரும்பாலும் நாலாவது படியும் ஒரு போட்டோவும்தான் நடக்கிறது. அந்த எட்டாவது படி இருக்கிறதே, அதுதான் தொழிற்பேட்டைக்காரர்கள் தினமும் செய்கிற வேலை. எந்த மெஷினுக்கு எப்போது கிரீஸ், எப்போது பேரிங், யார் கையெழுத்து என்று லாக் புக் வைத்து நடத்துகிறோம். அதே லாக் புக்கை மையத்துக்கும் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. மாசம் ஒருமுறை ஒரு பிட்டர், ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு வெல்டர் ஒரு டூல் பாக்ஸோடு போகட்டும். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு நம்பர் ஒட்டட்டும். அந்த அடுக்கிவைத்த மூலை காலியாகிவிடும்.

இப்படி ஊருக்குள்ளேயே செய்துகொள்வது உலகத்தில் பல இடங்களில் நடந்ததுதான். மெக்சிகோவின் மலைக் கிராமமான அஹோயாவில் 1980-களில் புரோஹிமோ என்று ஒரு மையம். நடத்தியவர்கள் ஊனமுற்ற கிராமத்து இளைஞர்கள். பட்டறையில் வெல்டிங் வைத்துக் குழந்தைகளுக்கு அளவெடுத்து நாற்காலியும் ஸ்பிளின்ட்டும் செய்தார்கள். அங்கே கற்றதை வைத்துத்தான் டேவிட் வெர்னர் 1987-ல் ஊனமுற்ற கிராமத்துக் குழந்தைகளைப் பற்றிய தன் பெரிய கையேட்டை எழுதினார். ஒரு மலைக் கிராமத்தில் சைக்கிள் சாமான்களை வைத்து முடிந்தது, லேத்தும் சிஎன்சியும் ரப்பர் ஆலையும் இருக்கிற கும்மிடிப்பூண்டியில் முடியாதா? அடையாறு ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. 2019-ல் எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியை வெளியிட்டதும் அவர்கள்தான். டிசைனில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு உதாரணம் சொல்லட்டுமா? தென்காசிப் பக்கம் ஆய்க்குடி. 1975-ல் பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981-ல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னால் தசைச்சிதைவு நோய் உள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமனும் சேர்ந்துகொண்டார். சில குழந்தைகளோடு ஆரம்பித்தது இன்றைக்குப் பள்ளி, தெரபி, கேலிபர் செய்யும் பட்டறை என்று வளர்ந்திருக்கிறது. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ. எனக்கு அவர்களிடம் ரொம்பப் பிடித்தது, குழந்தை மையத்துக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களைக் கையில் டேப்லெட்டோடு வீட்டுக்கே அனுப்புவது. இந்த வாரம் என்ன பயிற்சி, எவ்வளவு முன்னேற்றம் என்று அங்கேயே பதிவாகிவிடும், தூரத்தில் இருக்கும் தெரபிஸ்ட் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை நிறுவிய டாக்டர் மேரி வர்கீஸும் 1954-ல் ஒரு விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியில் வந்தது. ஆய்க்குடியும் சரி, வேலூரும் சரி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் யோசித்து உருவான இடங்கள். நம் சிஎஸ்ஆர் கமிட்டியில், மையத்துக்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் மேஜையில், ஒரு மாற்றுத்திறனாளியாவது இருக்கிறாரா? பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிற அம்மா ஒருத்தராவது?

அம்மாக்களைக் கேட்டிருந்தால் முதல் வேலை கழிப்பறை என்று சொல்லியிருப்பார்கள். பதினாலு வயசு ஆன பிள்ளை, முப்பது கிலோவுக்கு மேல் எடை. டயாப்பர் மாற்ற ஈரத் தரையில் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது, அம்மாவின் முதுகு போகிறது. பெண் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் மறைவான இடம் இல்லாததாலேயே மையத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2006-ல் இதற்கென்றே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பெரிய ஆளையும் படுக்கவைத்து மாற்றக்கூடிய மேடையும் தூக்கிவிடும் கருவியும் உள்ள கழிப்பறை வேண்டும் என்று கேட்டார்கள். 2021 முதல் அங்கே புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்களில் அது கட்டாயம். நமக்கு மோட்டார் வைத்த கருவி வேண்டாம். இடுப்பு உயரத்தில் சுவரோடு மடக்கும் உறுதியான ஒரு மேடை, பக்கத்தில் கை ஷவர், ஒரு திரை. ஜிஐ பைப்பும் மெரைன் பிளையும் இருந்தால் இரண்டு நாள் வேலை.

கைப்பிடிக் கம்பி பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மையத்தில் வெஸ்டர்ன் கழிப்பறைக்குப் பக்கத்தில் பளபளவென்று எஸ்எஸ் கம்பி இருந்தது. பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. டைல்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் ராவல் பிளக் அடித்து நாலு ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். ஒரு குழந்தை தன் முழு எடையையும் நம்பித் தொங்கப்போகிற கம்பி அது. செங்கல் வரைக்கும் துளை போட்டு ஆங்கர் பாஸ்ட்னர் அடிக்க வேண்டும். அது எந்த எரக்‌ஷன் ஆளுக்கும் தெரிந்த பாடம். சாய்தளமும் அப்படித்தான். ஓர் அடி ஏறுவதற்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. பல இடங்களில் மூன்று படியை மூடி பைக் ஏற்றுகிற மாதிரி சிமென்ட் பூசிவிடுகிறார்கள். தானே சக்கரத்தைத் தள்ளும் குழந்தை அதில் ஏற முடியாது, இறங்கினால் குப்புற விழும். கதவு அகலம் 900 மில்லிமீட்டர், உள்ளே நாற்காலி திரும்ப 1,500 மில்லிமீட்டர் வட்டம். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரட்டூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த அளவுகள் எல்லாம் செய்தால் நல்லது என்கிற ஆலோசனையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

பொருளைப் பற்றியே பேசிவிட்டேன். ஆட்கள் விஷயம் இதைவிடக் கஷ்டம். எங்கள் அனுபவத்தில் நல்ல தெரபிஸ்ட் வருவார், குழந்தைகள் பழகும், கொஞ்ச நாளில் சென்னையில் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விடுவார். போகிறவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. பழகிய ஆள் போனதும் பையன் புதிய கையைத் தொடவிடாமல் அழுவான், மறுபடி முதலிலிருந்து. கம்பெனிகள் கட்டடத்துக்குக் கொடுக்கும், சம்பளத்துக்குக் கொடுக்கத் தயங்கும், ஏனென்றால் சம்பளத்தில் பெயர்ப் பலகை வைக்க முடியாது. ஆனால் சிஎஸ்ஆர் விதிகளிலேயே பல வருஷத் திட்டத்துக்கு வழி இருக்கிறது. தொடங்கிய நிதியாண்டு போக மூன்று வருஷம் வரை நீட்டிக்கலாம். ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு பேச்சுப் பயிற்சியாளர், ஒரு வேன், ஒரு டிரைவர் என்று நாலு வருஷத்துக்குப் பொறுப்பெடுத்தால் அந்த வட்டாரத்தில் எத்தனை குழந்தை உட்காரப் பழகும், எத்தனை குழந்தை பள்ளிக்கூடம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். வேனில் ஒரு சாய்தளமும் நாற்காலியைக் கட்டும் பட்டையும் இருந்தால் போதும், ஏசி கூட வேண்டாம்.

பேச்சுப் பயிற்சி என்றதும் ஞாபகம் வருகிறது. இது எல்லைப் பகுதி, தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. செங்கல் சூளைக்கும் ஒப்பந்த வேலைக்கும் வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் பெரும்பாலும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கும். எங்கே கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்று தாய்க்குத் தெரியாது. பேச வராத பிள்ளைகளுக்குப் படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் ஆவாஸ் என்ற கருவியைச் சென்னையில் அஜித் நாராயணன், வித்யாசாகர் பிள்ளைகளோடு பழகித்தான் உருவாக்கினார். கருவி வாங்க முடியாவிட்டாலும் தண்ணி, பசி, வலி, பாத்ரூம், வேண்டாம் என்று படம் போட்டு மூன்று மொழியில் எழுதி லேமினேட் செய்த ஓர் அட்டை ஒவ்வொரு குழந்தையின் நாற்காலியிலும் தொங்கலாமே. ஆலையின் சேப்டி போஸ்டரை மூன்று மொழியில் அடிக்கிறோம், அதே அச்சகத்தில் இதையும் அடிக்கலாம்.

அரசாங்கமும் சும்மா இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். உலக வங்கிக் கடனுதவியோடு 'உரிமைகள்' திட்டம் நடக்கிறது, விழுதுகள் என்ற பெயரில் சேவை மையங்கள் திறக்கிறார்கள். கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாத உதவித்தொகை 2,000 ரூபாய். 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி 2016 சட்டப்படி உரிமை. கம்பெனிகள் தனியாக ஒரு மையம் கட்டிப் பேர் வைப்பதைவிட, நடந்துகொண்டிருக்கும் வட்டார வள மையத்துக்கும் பக்கத்து மையத்துக்கும் தோள் கொடுப்பதுதான் இப்போதைக்குச் சரி என்பது என் திடமான எண்ணம்.

கேட்டவர்களுக்குக் கடைசியாக வேலை முறையைச் சொல்கிறேன். மையத்துக்குப் போகும்போது செக் புத்தகத்துக்கு முன்னால் அளவு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். தெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க வேண்டும், அவர் சொல்லாமல் எதையும் வெட்டவோ ஒட்டவோ கூடாது. குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து இடுப்பின் அகலம் எடுங்கள். பின்பக்கத்திலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை நீளம் எடுத்து, அதில் இரண்டு மூன்று விரற்கடை குறையுங்கள். இருக்கையின் ஆழம் அவ்வளவுதான். மடிப்பிலிருந்து குதிகால் வரை, செருப்பு போட்டபடி. உட்கார்ந்த இடத்திலிருந்து தோள் வரை. ஸ்பிளின்ட் போடும் குழந்தை என்றால் கழற்றிப் பாருங்கள்; சிவந்த தடம் அரைமணி நேரத்தில் மறையவில்லை என்றால் அது சின்னதாகிவிட்டது, மாற்றச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தேதி போடுங்கள். குழந்தை வளரும் என்பதால் ஆறு மாசத்தில் அந்தத் தாள் காலாவதி, மறுபடி அளக்க வேண்டும். இதற்கான படிவம் ஒன்று தமிழில் தயார் செய்து வைத்திருக்கிறேன். சிப்காட்டில் எந்த மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட் கேட்டாலும் தருகிறேன், முதல் தடவை கூடவும் வருகிறேன்.